கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் மானிட்டரைப் பாருங்கள்

“இந்த ரெண்டு கார்டுல எதை வாங்கலாம்?” என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, “உங்க மானிட்டர் என்ன?” என்பதைத்தான். பெரும்பாலும் உடனே பதில் வராது. கார்டின் பெயர், விலை, பார்த்த விமர்சன வீடியோக்கள் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். தினமும் முகம் பார்த்துக்கொண்டிருக்கும் திரையில் எத்தனை புள்ளிகள், அது விநாடிக்கு எத்தனை முறை மாறும் என்பது மட்டும் தெரிந்திருக்காது. கையில் அளவான பணம்தான் இருக்கிறது என்றால் தேர்வை அந்தத் திரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கார்டு செய்கிற வேலை அத்தனையும் அந்தத் திரைக்காகத்தான்.

ஆட்டம் ஓடும்போது கணினிக்குள் வேலை இரண்டாகப் பிரிகிறது. எதிரி எங்கே நிற்கிறான், சுட்டது பட்டதா, கார் எந்தப் பக்கம் சறுக்குகிறது என்று கணக்குப் பார்ப்பது பிராசஸர். அந்தக் கணக்கின்படி காட்சியைப் படமாக வரைந்து திரைக்கு அனுப்புவது கிராஃபிக்ஸ் கார்டு. அப்படி வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதுதான் எஃப்பிஎஸ். 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கக் கார்டுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் 6.9 மில்லி விநாடிதான்.

அந்த நேரத்துக்குள் எவ்வளவு வரைய வேண்டும்? 1080பி திரையில் 1920 × 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். இதை வேகத்தோடு பெருக்கிப் பாருங்கள். 1080பி, 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை மாறும்) மானிட்டருக்கு விநாடிக்குச் சுமார் 12.4 கோடி புள்ளிகள் போதும். 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிரப்ப 53 கோடி வேண்டும். நான்கு மடங்குக்கும் மேல்! புள்ளிகள் கூடும் அதே விகிதத்தில் எஃப்பிஎஸ் குறைந்துவிடாது; கார்டுக்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனாலும் சுமை எப்படி ஏறுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். முதல் மானிட்டருக்குத் தாராளமாக இருக்கிற கார்டுக்கு இரண்டாவது மானிட்டரில் மூச்சு வாங்கும்.

அதனால் முதலில் மானிட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, அதன் ரெசல்யூஷனையும் (புள்ளிகளின் அளவு) ஹெர்ட்ஸையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, நீங்கள் உண்மையாகவே விளையாடும் நான்கைந்து ஆட்டங்களின் பெயரை எழுதுங்கள். வாலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களா, கதையோடு போகும் பிரம்மாண்டமான திறந்த உலக ஆட்டங்களா என்பதைப் பொறுத்துத் தேவையே மாறிவிடும். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் பாதி விளம்பரங்கள் உங்களுக்கானவை இல்லை என்பது தானாகவே புரியும்.

பெயரில் இருக்கும் எண்கள்

நடுத்தர கார்டு என்று சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது ‘60’ வரிசைதான். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 3060, 4060, 5060. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6600, 7600, 9060 எக்ஸ்டி. இன்டெலில் ஆர்க் பி580. 1080பி திரையில் செட்டிங்ஸை உயர்த்தி வைத்து நிம்மதியாக ஆடலாம், 1440பி-யில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடலாம் என்பதுதான் இந்த வகுப்பின் நியாயமான எதிர்பார்ப்பு.

என்விடியா பெயர்களில் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் வகுப்பு. 4060 என்றால் 40-ஆம் தலைமுறையின் 60-ஆம் வகுப்பு. தலைமுறை எண் பெரிதாக இருப்பதாலேயே கார்டு வேகமாகிவிடாது. முந்தைய தலைமுறையின் மேல் வகுப்புக் கார்டு புதிய தலைமுறையின் கீழ் வகுப்பை எளிதாகத் தாண்டும்.

பெயரில் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகள் விற்கப்படுவதுண்டு. ஜிடி 1030 என்ற சின்ன கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது, வேகம் 16.8 ஜிபி. பெட்டியில் மெமரி வகையின் பெயர்தான் வித்தியாசம், உள்ளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகம்தான். ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு இருந்தன. மெமரி மட்டும்தான் வேறு என்று நினைத்து வாங்கியவர்கள் பலர். 3 ஜிபி மாடலில் கோர்களும் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்) குறைவு: 1280-க்குப் பதிலாக 1152. ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை. 2021-இல் வந்த 12 ஜிபி மாடலின் மெமரி வேகம் விநாடிக்கு 360 ஜிபி; பின்னால் வந்த 8 ஜிபி மாடலில் அது 240 ஆகச் சுருங்கிவிட்டது. ஆகவே கார்டின் பெயரை மட்டும் பார்த்து விலை ஒப்பிட வேண்டாம். எத்தனை ஜிபி, எந்த வகை மெமரி, எத்தனை பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்) என்ற மூன்றையும் தயாரிப்பாளரின் தளத்தில் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்குப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கோர்களின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதும் வழி தவறவிடும். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 3584 கோர்கள், 4060-இல் 3072 தான். ஆனாலும் பெரும்பாலான ஆட்டங்களில் 4060 முந்துகிறது. காரணம், அதன் கோர்கள் ஓடும் வேகம்: 1.78 கிகாஹெர்ட்ஸ் எங்கே, 2.46 கிகாஹெர்ட்ஸ் எங்கே! ஒரே தலைமுறைக்குள், ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான் கோர் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு.

வி-ரேம்: நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்

என் சித்தப்பா மகன் ஒருமுறை கூப்பிட்டான். “எஃப்பிஎஸ் 70-க்கு மேலதான் காட்டுது அண்ணா, ஆனா ஆடும்போது எங்கேயோ தட்டுது” என்றான். 8 ஜிபி கார்டு, 1440பி மானிட்டர், புதிய ஆட்டம், எல்லா செட்டிங்ஸும் உச்சத்தில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நடைகூடம். சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. கிட்டே போய் நின்றால் எழுத்துகள் ஈரத்தில் ஊறிய சாக்பீஸ் கிறுக்கல்போல மங்கலாக இருந்தன. இரண்டு விநாடி அப்படியே நின்றதும் சட்டென்று தெளிந்தன. மூலை திரும்பியபோது படம் ஒரு கணம் உறைந்து, பிறகு ஓடியது. மூலையில் காட்டிய எஃப்பிஎஸ் எண் மட்டும் அசையாமல் 70-களிலேயே இருந்தது.

ஆட்டத்தைச் சிறிதாக்கிவிட்டு டாஸ்க் மேனேஜரில் கிராஃபிக்ஸ் மெமரியைப் பார்த்தோம். 8 ஜிபி-யும் நிரம்பி விளிம்பில் நின்றது. டெக்ஸ்ச்சர் செட்டிங்கை மட்டும் ஒரு படி இறக்கிவிட்டு, ஆட்டத்தை மூடித் திறந்தோம். தட்டுவது நின்றுவிட்டது. எஃப்பிஎஸ் அதே 70-கள்தான்.

நடந்தது இதுதான். சுவர், துணி, முகம், மண் என்று ஆட்டத்தில் காணும் ஒவ்வொரு பரப்பின் மேலும் போர்த்தப்படும் படங்கள்தான் டெக்ஸ்ச்சர். அவை கார்டின் சொந்த மெமரியான வி-ரேமில் தயாராக இருக்க வேண்டும். அங்கே இடம் இல்லையென்றால் மிச்சம் கணினியின் பொது ரேமில் போய் உட்காரும். தேவைப்படும்போது மதர்போர்டு வழியாக வர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த மெமரியிலிருந்து விநாடிக்கு 272 ஜிபி எடுக்கும். மதர்போர்டு வழியாக வரும் பாதையில் ஏறக்குறைய 16 ஜிபி-தான். அந்தப் பாதையின் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதன் பழைய 3.0 பதிப்புள்ள போர்டாக இருந்தால் அதிலும் பாதி. 16 மில்லி விநாடியில் ஒரு படம் முடிய வேண்டிய இடத்தில் அந்தக் காத்திருப்பு அப்படியே திரையில் தெரிகிறது.

சராசரி எஃப்பிஎஸ் இதை மறைத்துவிடும். விநாடிக்கு 70 படம் வந்தாலும், அதில் ஒன்று மட்டும் மிகத் தாமதமாக வந்தால் சராசரி அதிகம் ஆடாது. கண் மட்டும் பிடித்துவிடும். அதனால்தான் நல்ல விமர்சனங்களில் ‘1% லோ’ என்று இன்னொரு எண் தருகிறார்கள். மிக மெதுவாக வந்த ஒரு விழுக்காடு ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 80, 1% லோ 60 என்றால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். சராசரி 90, 1% லோ 30 என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். நான் சராசரியைவிட இந்த எண்ணைத்தான் முதலில் தேடுவேன்.

8 ஜிபி ஏன் இவ்வளவு சீக்கிரம் இறுக்கமானது? 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி மெமரி. பிராசஸரும் கிராஃபிக்ஸும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய ஆட்டங்களை உருவாக்குபவர்கள் அந்த அளவை மனதில் வைத்துத்தான் டெக்ஸ்ச்சர்களைச் செய்கிறார்கள். பழைய கன்சோல்களுக்கும் சேர்த்து ஆட்டம் வந்துகொண்டிருந்தவரை 8 ஜிபி போதுமானதாக இருந்தது. அவற்றைக் கைவிட்டபின் நிலைமை மாறிவிட்டது.

என் கணிப்பு இது. போட்டி ஆட்டங்களும் கொஞ்சம் பழைய ஆட்டங்களும் மட்டும் 1080பி-யில் ஆடுபவருக்கு 8 ஜிபி இன்னும் சரிதான். புதிதாக வரும் பெரிய ஆட்டங்களை நாலு வருடம் ஓட்ட வேண்டும் என்றால் 12 ஜிபி-க்குக் கீழே இறங்காதீர்கள். 1440பி மானிட்டர் என்றால் அதில் பேரமே வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 2025-இல் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வடிவங்களில் வந்தன. ஒவ்வொரு கார்டிலும் இரு வடிவங்களுக்கும் சிப் ஒன்றுதான். அங்கே கூடுதல் பணம் மெமரிக்கு மட்டுமே போகிறது. சேர்த்துவைத்த பணத்தில் அந்த வித்தியாசத்துக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்கலாம் என்றால் காத்திருங்கள் என்பேன்.

இன்னொரு நல்ல செய்தி. வி-ரேம் போதுமான அளவு இருந்தால் டெக்ஸ்ச்சரை உச்சத்தில் வைப்பதால் எஃப்பிஎஸ் அநேகமாகக் குறையாது. நிழல், பிரதிபலிப்பு, புகை எல்லாம் கோர்களைப் பிழிந்தெடுப்பவை. டெக்ஸ்ச்சர் கேட்பது இடத்தை மட்டும்தான். நடுத்தர கார்டில் இலவசமாகக் கிடைக்கும் அழகு அது ஒன்றே.

ஏரியும் மதகும்

மெமரியின் அளவை ஏரி என்று வைத்துக்கொண்டால், அதன் வேகம் மதகு. ஏரி எவ்வளவு பெரிதானாலும் மதகு குறுகலாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். பஸ் அகலம் என்று 128 பிட், 192 பிட் எனக் குறிப்பிடுவது அந்த மதகின் அகலத்தை. மெமரி வகையான ஜிடிடிஆர்6, ஜிடிடிஆர்7 என்பவை தண்ணீரின் ஓட்ட வேகம். இரண்டும் சேர்ந்து தருவதுதான் விநாடிக்கு இத்தனை ஜிபி என்ற கணக்கு. ஆர்டிஎக்ஸ் 5060-இன் பஸ் 4060-ஐப் போலவே 128 பிட்தான். ஜிடிடிஆர்7 வந்ததால் 272 ஜிபி 448 ஜிபி ஆகிவிட்டது.

இதையும் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ 256 பிட், 448 ஜிபி. அடுத்து வந்த 4060 டிஐ 128 பிட், 288 ஜிபி. பார்த்தவுடன் பின்னடைவு போலத் தெரியும். ஆனால் புதியதில் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் 4 எம்பி-யிலிருந்து 32 எம்பி ஆனது. வயலோரமே ஒரு தொட்டி கட்டி, அடிக்கடி வேண்டிய தண்ணீரை அதில் வைத்துக்கொண்டதுபோல. மதகைத் திறக்க வேண்டிய தேவையே குறைகிறது. 1080பி-யில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. ரெசல்யூஷன் ஏற ஏறத் தொட்டி போதாமல் போய் மதகின் குறுகல் தெரிய ஆரம்பிக்கும். மறுபடியும் பாருங்கள், எந்த மானிட்டர் என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறோம்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், ரே டிரேசிங்

படத்தைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்துவிட்டு, அறிவார்த்தமாகப் பெரிதாக்கித் திரையில் காட்டுவதுதான் அப்ஸ்கேலிங். என்விடியாவில் அதன் பெயர் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியில் எஃப்எஸ்ஆர், இன்டெலில் எக்ஸ்இஎஸ்எஸ். நடுத்தர கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையான உதவி. 1440பி மானிட்டரில் ‘குவாலிட்டி’ என்று வைத்தால் கார்டு உள்ளே வரைவது சுமார் 1706 × 960 மட்டுமே. வேலை பாதிக்கும் கீழே போய்விடும், வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 1080பி மானிட்டரில் அதையே வைத்தால் உள்ளே 1280 × 720 தான். ஊகிக்க வேண்டிய புள்ளிகள் அதிகம், கையில் இருக்கும் தகவல் குறைவு. தூரத்துக் கம்பிவேலி, இலைகள், தலைமுடி எல்லாம் கொஞ்சம் நடுங்கும். அதனால் 1080பி-க்காக வாங்கும்போது அப்ஸ்கேலிங்கை நம்பி ஒரு படி கீழே வாங்க வேண்டாம்.

டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் மட்டும் ஓடும். எஃப்எஸ்ஆரின் பழைய பதிப்புகள் எந்த நிறுவனத்தின் கார்டிலும் ஓடும். 2025-இல் ஆர்எக்ஸ் 9000 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4 படத் தரத்தில் பெரிய தாவல். அதற்கு முந்தைய ஏஎம்டி கார்டுகளோடு ஒப்பிட்டால், படத் தெளிவில் டிஎல்எஸ்எஸ் பக்கம்தான் என் ஓட்டு.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சங்கதி. கார்டு வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு இடையில் ஊகித்துச் செய்த ஃபிரேம்களைச் செருகுவது அது. எண் இரட்டிப்பாகும், அசைவு வழவழப்பாகத் தெரியும். ஆனால் செருகிய படத்தில் உங்கள் மவுஸ் அசைவு இல்லை. அடுத்த ஃபிரேம் வரும்வரை பிடித்து வைத்துத்தான் நடுவில் ஒன்றைச் செய்ய முடியும் என்பதால் கைக்கும் கண்ணுக்கும் இடையிலான தாமதம் கூடவும் செய்யும். அடிப்படையில் 60 எஃப்பிஎஸ் வந்துகொண்டிருந்தால் அதன்மேல் இதைப் போடலாம். 30-ஐ 60 ஆக்க நினைத்தால் சேற்றில் நடப்பதுபோல இருக்கும். விளம்பர வரைபடத்தில் புதிய கார்டின் கோடு பழையதைவிட இரண்டு, மூன்று மடங்கு உயரமாக இருந்தால் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே ஃபிரேம் ஜெனரேஷன் என்று இருக்கும். அந்த எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது, 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு வீட்டுக் கணினிக்கு வந்தது. இந்த விலை வகுப்பில் அதற்காகவே கூடுதல் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். எஃப்பிஎஸ்ஸில் அது கேட்கும் விலை அதிகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற சில ஆட்டங்கள் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இல்லையென்றால் ஓடவே ஓடாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 16 வரிசை, ஆர்எக்ஸ் 5000 வரிசை இரண்டிலும் அந்த வசதி கிடையாது. பழைய ஆட்டங்களுக்கு அவை நல்ல கார்டுகள்தான். வருங்காலத்துக்காக வாங்குபவர் அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

ஏற்கெனவே இருக்கும் கணினி என்ன சொல்கிறது?

பிராசஸர் பழையதாக இருந்தால் கார்டு எவ்வளவு நல்லதானாலும் கட்டளைக்காகக் காத்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீங்கள் ஆடும் ஆட்டத்தில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் தாவி ஏறினால் இப்போதைய கார்டுதான் தடை. புதிய கார்டு பலன் தரும். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் தடை பிராசஸர் பக்கம். அப்போது புதிய கார்டு வாங்கினாலும் அதே எண்தான் வரும். ரேம் ஒரே ஒரு ஸ்டிக் மட்டும் போட்டிருந்தால் அதே அளவில் இன்னொன்று போட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் இரட்டை சேனல் ஆக்குவது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் முன்னேற்றம். பலர் அதைச் செய்யாமலே கார்டு மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

போர்டு பழையதா என்பதும் முக்கியம். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு பேசுவது வெறும் 4 லேன்களில், அதாவது தரவுத் தடங்களில். மெமரியும் 4 ஜிபி. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் சமாளிக்கும், 3.0 போர்டில் கண்கூடாகத் தடுமாறும். விலை குறைந்த கார்டை நாடுபவரிடம்தானே பழைய போர்டு இருக்கும்? அவருக்கே பொருந்தாத கார்டாக அது போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இன்டெல் ஆர்க் வாங்க நினைப்பவர்கள் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் ‘ரீசைசபிள் பார்’ வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் எட்ட உதவுவது) இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது இல்லாமல் அந்தக் கார்டுகளின் வேகம் வெகுவாகக் குறையும். 12 ஜிபி மெமரியோடு வந்த பி580 இந்த வகுப்பில் மதிக்கத்தக்க கார்டு. ஆனால் அதன் பலத்தைப் பார்க்கக் கொஞ்சம் புதிய பிராசஸர் வேண்டும்.

அடுத்தது பவர் சப்ளை, எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்வது. கார்டு செருகும் இடத்திலிருந்து அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும். ஆர்எக்ஸ் 7600-க்கு 165. ஆர்க் பி580-க்கு 190. 8 பின் இல்லையே என்று சாட்டா இணைப்பிலிருந்து மாற்றி எடுக்கும் ஒயரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பக்கம் தாங்கக்கூடியது 54 வாட்தான். அதன்மேல் 150 வாட் கேட்கும் கார்டைத் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் உருகும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கணினிக்குள் கூடுதல் பின் இணைப்பே இல்லாத பழைய அலுவலகப் பெட்டி என்றால், 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரியான கார்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதுவும் 8 ஜிபி 3050-ஐவிட வேகம் குறைந்த வேறு கார்டு என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

கேபினெட்டுக்குள் இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஃபேன் வரை. ஹார்டு டிஸ்க் கூண்டு நடுவில் இருந்தால் அதுவரை. ஒருமுறை மூன்று ஃபேன் கார்டு ஒன்றைச் சந்தோஷமாகப் பிரித்து உள்ளே விட்டபோது ஒன்றரை சென்டிமீட்டர் இடித்தது. ரிவெட் அடித்த கூண்டைத் துளைபோட்டுக் கழற்ற அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

மூன்று ஃபேன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரே சிப்பை எடுத்துப் பல நிறுவனங்கள் தத்தம் கார்டுகளாகச் செய்கின்றன. விளக்கு, உலோகத் தகடு, தொழிற்சாலையிலேயே ஏற்றிய வேகம் என்று விலை ஏறிக்கொண்டே போகும். வேகத்தில் கிடைப்பது சில விழுக்காடுதான். இந்த வகுப்பில் இரண்டு ஃபேன் வைத்த எளிய மாடலே குளிர்ச்சிக்குப் போதும். மிச்சப்படும் பணத்தை அடுத்த மெமரி அளவுக்குப் போடுங்கள்.

விலையை ஒப்பிடும் விதம்

உங்கள் ரெசல்யூஷனில், உங்கள் ஆட்டங்களில் வரும் சராசரி எஃப்பிஎஸ்ஸால் விலையை வகுத்துப் பாருங்கள். ஒரு கார்டின் விலை 100 பங்கு, எஃப்பிஎஸ் 80. இன்னொன்றின் விலை 125 பங்கு, எஃப்பிஎஸ் 90. முதலாவதில் ஒரு எஃப்பிஎஸ்ஸுக்கு 1.25 பங்கு, இரண்டாவதில் 1.39. முதலாவதுதான் மலிவு. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் என்றால் இன்னும் தெளிவு: இரண்டு கார்டும் திரையின் எல்லையைத் தாண்டிவிட்டன, அந்தக் கூடுதல் 10 எஃப்பிஎஸ் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. ஆனால் இரண்டாவதில் மெமரி இரட்டிப்பு என்றால் இந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு மெமரியை எடுப்பேன். கேமிங்குக்காகவே புதிய கணினி சேர்ப்பவர், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் கார்டுக்கு ஒதுக்கினால் மற்றவை பட்டினி கிடக்காது.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தவறே இல்லை. பட்ஜெட்டில் ஆடுபவருக்கு அது பெரிய வரப்பிரசாதம். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டதும் கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் நின்றுபோய், ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த கார்டுகளில் பெரும்பாலும் முதலில் தேய்வது ஃபேன்தான். ஓடவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். அரை மணி நேரம் கனமான ஆட்டம் ஒன்றை ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். திரையில் வண்ணக் கட்டங்களோ கோடுகளோ மின்னினால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதிய பெயரைக் காட்டும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அப்படிப்பட்ட பல கார்டுகளைப் ‘போலி’ என்றே காட்டிக்கொடுத்துவிடும். பில்லும் மிச்ச வாரண்டியும் கைக்கு வருகிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மானிட்டரும் மாற்றப் போகிறவருக்கு ஒரு வார்த்தை: ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கார்டு படத்தை முடிக்கும் நேரத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். 55-க்கும் 80-க்கும் இடையில் ஊசலாடும் நடுத்தர கார்டுக்கு இதைவிடப் பெரிய கைத்தாங்கல் கிடையாது. 2019 முதல் என்விடியா கார்டுகளும் இந்த மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன.

கார்டைப் பொருத்தியபின் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருகுங்கள். முடிந்தவரை டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அதற்கேற்ற கார்டும் வாங்கி, நாலு மாதம் ஆடிவிட்டு, “பழசுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசமே தெரியல அண்ணா” என்று வந்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 60 என்று இருந்தது. 144-ஐத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒருமுறை கறுத்து மீண்டது. மவுஸைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் ஆட்டத்தைத் திறந்தான்.